இன்னும் கொஞ்சம் பின்னாடி

காலையில் எழுந்ததும் அவன் செய்கிற வேலைகளுக்கு ஒரு வரிசை உண்டு. சார்ஜரிலிருந்து பேட்டரிகளைக் கழற்றி ஜாக்கெட்டின் இடது பையில் போடுவான். சின்ன பிரிண்டரில் தாள் இருக்கிறதா என்று பார்ப்பான். லென்ஸை ஊதித் துடைப்பான். அடுப்பில் தண்ணீரை வைத்துவிட்டுப் பல் துலக்கப் போவான்.

அன்றைக்கும் அதே வரிசைதான். துலக்கினான். குனிந்து துப்பினான். நுரை வாஷ்பேசினில் விழவில்லை. அவன் கால் பெருவிரலுக்கு முன்னால், தரையில் விழுந்தது.

நிமிர்ந்தான். சுவரில் மாட்டியிருந்த கண்ணாடி சின்னது. வழக்கமாக அதில் மூக்கும் மீசையும்தான் கொள்ளும். இன்றைக்குத் தோள் இரண்டும் தெரிந்தன. தோளுக்குப் பின்னால் கதவும் தெரிந்தது.

"என்னங்க, குறி தப்புதா?" மனைவி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "யாரு துடைக்கிறதாம்?"

"தூக்கக் கலக்கம்."

அவள் துணியைக் கொண்டுவந்து அவன் காலடியில் போட்டாள். போட்டவள் அங்கேயே நின்றாள். "இன்னியோட ஒரு வருஷம் ஆச்சுல்ல, அந்தப் பொண்ணு விழுந்து? நைட்டெல்லாம் அதே நெனப்பு. பாவம், நீங்க அவ்வளவு சொல்லியும் கேக்கலயே."

"ஆமா" என்றான். "சொன்னேன். கேக்கல."

குதிகால் கதவில் இடித்தது. அவன் நகரவில்லை. நகர்ந்ததாக நினைவில்லை. ஆனால் தரையில் கிடந்த துணி இப்போது எட்டாத தூரத்தில் இருந்தது.

*

தேசியப் பூங்காவுக்கு வருகிறவர்கள் பார்க்க மூன்று காட்சி முனைகள். முதலாவதில் அருவி தெரியும், ஆனால் தூரத்தில், சுவரில் யாரோ சுண்ணாம்பை வழியவிட்ட மாதிரி. இரண்டாவதில் ஏரி. பாதி நாள் மேகம் மூடிக் கிடக்கும். பார்க்காமலே பார்த்ததாகச் சொல்லிக்கொண்டு இறங்கிவிடுவார்கள். கூட்டம் சேர்வது மூன்றாவதில். அங்கே பாறை நாக்கைப் போல வெளியே நீண்டிருக்கும். எதிரே சிகரம். பாறையில் ஆளை நிறுத்தி உள்ளங்கையை விரிக்கச் சொன்னால், சிகரம் கைமேல் உட்கார்ந்திருப்பதுபோலப் படம் விழும். ஆள் பின்னால் போகப் போக ஆள் சிறுத்துச் சிகரம் பெருக்கும். நல்ல படம் விளிம்புக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

"இன்னும் கொஞ்சம் பின்னாடி" என்று நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லி, ஜீப் டிரைவர்கள் அவனுக்கு வைத்த பெயரே 'பின்னாடி'. இடது கையை மணிக்கட்டிலிருந்து லேசாக ஆட்டிக்கொண்டே சொல்வான், கோழியை விரட்டுவதுபோல.

விளிம்பில் இரும்புக் கம்பங்களும் சங்கிலியும் உண்டு. படத்தில் அந்தச் சங்கிலி ஆளுக்கும் சிகரத்துக்கும் குறுக்கே விழும். காசு கொடுக்கிறவர்கள் முகம் சுளிப்பார்கள். அதனால் ஒரு பக்கக் கொக்கியைக் கழற்றிச் சங்கிலியைக் கீழே போட்டுவிடுவான். காவலர் ஜீப்பின் சத்தம் கேட்டால் ஓடிப்போய் மாட்டிவிடுவான். எல்லாப் படக்காரர்களும் செய்வதுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வான். அந்த முனையில் அவனைத் தவிர வேறு படக்காரர் கிடையாது.

போன வருஷம் அந்தப் பெண்ணுக்காகவும் அவன்தான் கழற்றினான். அவள் விழுந்தபின், அவள் கணவன் வருவதற்குள், அவன்தான் மாட்டினான். காமிராவிலிருந்து அந்தப் படத்தையும் அழித்தான். பிறகு ஒரு கதை சொன்னான். காவலரிடம் சொன்னான், அதிகாரியிடம் சொன்னான், மனைவியிடம் சொன்னான். சொல்லச் சொல்ல மெருகேறியது. அப்புறம் சுற்றுலா வருகிறவர்களே அதைக் கேட்டு வர ஆரம்பித்தார்கள். முதல் இரண்டு முனைகளை விட்டுவிட்டு நேரே இங்கே வந்தார்கள்.

*

"அண்ணே, இங்கதானே அந்தப் பொண்ணு…?"

முதல் ஜீப்பிலேயே கேட்டுவிட்டார்கள். அவன் வழக்கம்போலப் பாறையின் நடுவில், பள்ளத்தாக்குக்கு முதுகைக் காட்டி நின்றான். இந்தக் கதையை அவன் வாயால் மட்டும் சொல்வதில்லை. நடித்துக் காட்டுவான்.

"இதே இடந்தாங்க. 'மேடம், சங்கிலியைத் தாண்டாதீங்க'ன்னு தொண்டை கிழியக் கத்துறேன். அந்தப் பொண்ணு சிரிக்குது. சங்கிலியை அதுவே தாண்டுது. 'ஒரே ஒரு படம்தானே அண்ணா, ஒண்ணும் ஆகாது'ன்னு சொல்லுது. அதுதாங்க கடைசி வார்த்தை."

கூட்டம் உச்சுக்கொட்டியது. அப்போது தொடையின் பின்பக்கம் குறுக்காக ஒரு குளிர்ச்சி படிந்தது. ஈர இரும்பின் குளிர்ச்சி. கையைப் பின்னால் கொண்டுபோய்த் தொட்டான். சங்கிலி.

அவன் நின்ற இடத்துக்கும் சங்கிலிக்கும் நடுவில் ஒரு குடும்பமே நிற்கலாம். சற்று முன்புவரை நிற்க முடிந்தது.

"என்ன பின்னாடி, பேரைக் காப்பாத்துறியா?" டீக்கடை அக்கா சிரித்தாள். "ஊரையே பின்னாடி தள்ளுவே. இன்னிக்கு நீயே போறே!"

கூட்டமும் சிரித்தது. அவனும் சிரித்துவைத்தான்.

ஜீப் போனதும் கடைக்குப் பின்னால் சரளை கொட்டிக் கிடந்த இடத்துக்குப் போனான். யாரும் பார்க்கவில்லை. மலைச்சுவரைப் பார்த்து நின்றுகொண்டு மெதுவாகச் சொன்னான். "ஒரே ஒரு படம்தானே அண்ணா."

சரளை நொறுங்கும் சத்தம் அவன் காலடியிலிருந்தே வந்தது. குனிந்து பார்த்தான். ஷூவுக்கு முன்னால் இரண்டு கோடுகள். யாரோ அவன் கக்கத்தில் கைகொடுத்து, முரண்டு பிடிக்கும் குழந்தையை இழுப்பதுபோல இழுத்திருந்த கோடுகள்.

அதற்குமேல் வந்தவர்கள் யாரிடமும் அவன் அந்தக் கதையைச் சொல்லவில்லை. கேட்டவர்களுக்குத் தொண்டையைத் தொட்டுக் காட்டிக் கைவிரித்தான். சங்கிலியையும் கழற்றவில்லை. சங்கிலியோடுதான் படம் எடுத்தான். "இதுக்கா காசு?" என்று ஒருத்தர் தாளை வீசிவிட்டுப் போனார். போகட்டும் என்று இருந்தான்.

*

பிற்பகலில் மேகம் ஏறியது. பள்ளத்தாக்கின் அடியிலிருந்து, மக்கிய இலையும் ஈர மண்ணும் எங்கோ அழுகும் மரப்பட்டையும் கலந்த வாடையோடு, முதலில் எதிர்ச் சரிவின் மரங்களையும் பிறகு சிகரத்தையும் பிறகு பாறையின் நுனியையும் அவசரமில்லாமல் விழுங்கிக்கொண்டே அது மேலே வந்தது. ஜீப்புகளின் ஹாரன்கள் ஒவ்வொன்றாக மழுங்கின. எங்கேயோ நீர் சொட்டும் சத்தம் காதுக்குள்ளேயே சொட்டுவதுபோலக் கேட்டது. காற்றே இல்லாதபோதும் சங்கிலியின் வளையங்கள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருந்தன.

அக்கா அடுப்பை அணைத்துப் பாத்திரங்களைக் கட்டினாள். "கடைசி ஜீப். வர்றியா?"

"காமிரா ஸ்டாண்டை மடிச்சிட்டு வரேன். ஜீப்பை நிறுத்தி வை."

"நிக்கச் சொல்றேன். டிரைவர் நிப்பானாங்கிறது உன் அதிர்ஷ்டம்."

அவன் ஸ்டாண்டின் முதல் காலை மடக்குவதற்குள் ஜீப் கிளம்பிவிட்டது. சத்தம் வளைவில் திரும்பித் தேய்ந்தது. அப்போதுதான் டீ வாசனை வந்தது. அணைந்த அடுப்பின் பக்கமிருந்து அல்ல. பெஞ்சின் பக்கமிருந்து.

பெஞ்சில் ஓர் இளைஞன் உட்கார்ந்திருந்தான். சவரம் செய்யாத முகம். இரண்டு கைகளிலும் இரண்டு காகிதக் கோப்பைகள். இரண்டிலும் ஆவி பறந்தது.

முகத்தைப் பார்த்து அடையாளம் தெரியவில்லை. கோப்பைகளைப் பார்த்துத்தான் தெரிந்தது. போன வருஷம், அவள் விழுந்தபின், அவள் கணவன் டீ வாங்கிக்கொண்டு இப்படித்தான் வந்து நின்றான். யார் யாரோ அவனைப் பிடித்து உலுக்கியும் அந்த இரண்டு கோப்பைகளையும் கீழே வைக்கவே இல்லை.

"கதை சொல்வீங்களாமே" என்றான் கணவன். குரலில் கோபம் இல்லை. எதுவுமே இல்லை. "கீழே பஸ் ஸ்டாண்ட்ல சொன்னாங்க. நடிச்சே காட்டுவீங்களாம்."

"சார்… அது வந்து…"

"என்கிட்ட அன்னிக்குச் சரியாச் சொல்லல. கடைசியா அவ என்ன சொன்னா?"

அந்தக் கதையை இனிச் சொல்லக்கூடாது என்று படக்காரனுக்குத் தெரியும். உண்மையைச் சொல்லிவிடலாம் என்றும் தெரியும். மூன்றே வார்த்தை. நான்தான் சங்கிலியைக் கழட்டினேன். பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. கூடவே ஜெயில் வந்தது. அதைவிட, காலையில் துணியோடு நின்ற மனைவியின் முகம் வந்தது. பாவம், நீங்க அவ்வளவு சொல்லியும்.

"'ஒரே ஒரு படம்தானே, ஒண்ணும் ஆகாது'ன்னு சொன்னாங்க சார்."

பெஞ்ச் விலகியது. மேகத்துக்குள் மங்கியது. படக்காரன் பாறையின்மேல் நின்றிருந்தான். எப்போது ஏறினான்?

"அவ அப்படிப் பேச மாட்டா" என்றான் கணவன். "எங்க வீட்டு மொட்டை மாடியிலகூடச் சுவரோரம் வர மாட்டா. துணி காயப்போடவே நான்தான் போகணும். பயந்தாங்கொள்ளி. எதுக்கெடுத்தாலும் கேப்பா. இங்க நிக்கவா, அங்க நிக்கவா, விழுந்துடுவேனா. ஒவ்வொரு அடிக்கும் கேப்பா. நான் எரிஞ்சு விழுந்திருக்கேன்." ஒரு கோப்பையிலிருந்து ஒரு வாய் குடித்தான். மற்றதைப் பெஞ்சில், தன் பக்கத்தில், யாருக்கோ கொடுப்பதுபோல வைத்தான். "என்ன சொன்னா?"

"சத்தியமா சார். நான் கத்தினேன். அவங்களேதான் சங்கிலியைத் தாண்டி…"

தொடையில் இரும்பு. ஈரம். அழுத்தியது.

கணவன் எழுந்தான். ஸ்டாண்டின் பக்கம் வந்தான். காமிராவுக்குப் பின்னால் நின்றான்.

"என்ன சொன்னா?"

"ஒண்ணும் ஆகாதுன்னு…"

டிங்.

அந்தச் சத்தம் அவனுக்குத் தெரியும். ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை அவன் விரலே எழுப்பும் சத்தம். கொக்கி வளையத்தை விட்டு நழுவியது. சங்கிலி பாறைமேல் விழுந்து புரண்டது. தொடையில் இப்போது இரும்பு இல்லை. எதுவுமே இல்லை.

முன்னால் ஒரு கால் வைக்கப் பார்த்தான். கால் எழும்பியது. பின்னால் இறங்கியது.

"சொல்றேன்" என்றான். "சார், சொல்லிடுறேன். நிறுத்துங்க."

"நான் ஒண்ணும் பண்ணலயே" என்றான் கணவன். குனிந்து கண்ணைக் காமிராவில் வைத்தான். "சொல்லுங்க. கேக்கத்தான் வந்தேன்."

கணவனின் இடது கை உயர்ந்தது. மணிக்கட்டிலிருந்து லேசாக ஆடியது. கோழியை விரட்டுவதுபோல.

காமிராவில் சின்ன சிவப்பு விளக்கு.

முதுகுக்குப் பின்னால் மேகம் விலகியிருக்க வேண்டும். கணவனின் நெற்றியில் வெயில் விழுந்தது. சிகரம் தெரிகிறது. படத்துக்கு நல்ல வெளிச்சம். பெஞ்சிலிருந்த கோப்பையைக் காணோம்.

படக்காரனின் வலது கை தானாக உயர்ந்தது. உள்ளங்கை விரிந்தது. வேண்டாம் என்று நினைத்தான். விரல்கள் அழகாக, அவன் எல்லோருக்கும் சொல்லிக்கொடுப்பதுபோலவே, நீண்டன.

குதிகாலுக்குக் கீழே பாறை. பாதிப் பாறை.

காற்று.

சொல்லிவிட வேண்டும். இப்போது. அவன் வாயைத் திறந்தான். உண்மை வந்தது. ஒரு வருஷத்தில் முதல் தடவையாக, அவள் சொன்னது சொன்னபடியே, அவள் குரலிலேயே, லேசான நடுக்கத்தோடு, முன்னால் நிற்கிற ஆளை முழுக்க நம்பி:

"அண்ணா, இன்னும் பின்னாடி போகணுமா?"