நாடி தேடும் விரல்கள்

ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததிலிருந்தே அக்கா வாயை மூடவில்லை. லிஃப்ட் ஆடுகிறது, சுவரில் பெயின்ட் உரிகிறது, வரவேற்பில் இருப்பவள் சிரித்தால் பல் உதிர்ந்துவிடும் போலிருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் குறை சொல்லிக்கொண்டே பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். பயம் வந்தால் அவளுக்கு அப்படித்தான். பின்னால் வந்த தம்பிக்கு நேர் எதிர். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

அவன் உயரமான கட்டடங்களுக்கு வெளிச்சுவர் பெயின்ட் அடிப்பவன். அக்கா இந்த நாட்டுக்கு முதலில் வந்து, பேக்கரியில் ராத்திரி வேலை பார்த்து, அவனை வரவழைத்தாள். சாரம் ஏறும்போது அவனுக்குக் கெண்டைக்கால் கல்லாக இறுகும். சில நாள் மூக்கிலிருந்து ரத்தம் கொட்டும். வெயில் சூடு என்று விட்டுவிட்டான். கடைசியில் ஒரு டாக்டர் அவன் கையில் பிரஷர் பார்த்தார், காலில் பார்த்தார், நம்பாமல் மறுபடியும் கையில் பார்த்தார்.

இதயத்திலிருந்து இறங்கும் பெரிய ரத்தக்குழாய் பிறவியிலேயே ஓரிடத்தில் இறுகிப்போயிருந்தது.

"தோட்டத்து ஹோஸ் மேல யாரோ காலை வெச்சு மிதிச்ச மாதிரி," என்றார் சர்ஜன். "மேல வெள்ளம், கீழ வறட்சி. இப்படியே விட்டா ஒருநாள் தலைக்குள்ள வெடிச்சுடும். அந்தத் துண்டை வெட்டி எடுத்துட்டு, நடுவுல துணிக்குழாய் வெச்சுத் தைச்சிடுவோம். சின்ன வயசுலயே செஞ்சிருக்கணும். இப்போ கொஞ்சம் கஷ்டம்தான். கால் விளங்காமப் போற ஆபத்தும் இருக்கு. மறைக்க விரும்பல."

"கால் போனா இவன் பொழப்பே போச்சு டாக்டர்," என்றாள் அக்கா.

வார்டின் கோடியில் கட்டில் கிடைத்தது. ஸ்பிரிட், வெந்த துணி, பூச்சாடியில் அழுகிய தண்ணீர், மூன்றும் கலந்த வாடை. பக்கத்துக் கட்டிலில் பஸ் டிரைவர் ஒருவர். அவருடைய போர்வை முழங்காலோடு தட்டையாகப் படிந்திருந்தது. அதற்குக் கீழே ஒன்றுமில்லை. வணக்கம் சொன்ன அக்காவை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தம்பியின் கால்களையே பார்த்தார்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஓய்வு நேரம். ஜன்னல் மறைப்புகளை இறக்கினார்கள். கட்டில்களைச் சுற்றித் திரைகளை இழுத்தார்கள். அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். பட்டப்பகலிலேயே வார்டு இருண்டு, கிணற்றடி போல அமைதியானது.

ரப்பர் செருப்பின் சத்தம் கேட்டது.

கீச். கீச்.

அவசரமே இல்லாத நடை. அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றது. பிறகு, பேனா மூடியைக் கழற்றும் சத்தம்.

டக்.

குளிர்ந்த விரல்கள் அவன் வலது பாதத்தின் மேல் படிந்தன. நர்ஸ் என்று நினைத்துக் கண்ணைத் திறக்காமல் கிடந்தான். விரல்கள் பாதத்தின் மேடு முழுக்கத் தடவின. கணுக்கால் எலும்புக்குப் பின்னால் போய் அழுத்தின. கிடைக்கவில்லை போலும். இன்னும் அழுத்தின. நகம் பதிந்தது. இடது காலுக்குத் தாவின. அங்கேயும் அதே தேடல், இப்போது கோபத்தோடு, தொலைத்ததைத் தேடிப் பையைக் கவிழ்ப்பவள் மாதிரி.

வலி பொறுக்காமல் கண்ணைத் திறந்தான்.

கால்மாட்டில் யாரும் இல்லை.

போர்வையின் ஓரம் மட்டும், யாரோ தூக்கிப் பிடித்தது போல அந்தரத்தில் நின்றது.

பிறகு அது கீழே விழுந்தது.

நர்ஸ் வந்தபோது அவன் உட்கார்ந்திருந்தான். "இப்பதானே கால் பார்த்தீங்க?" என்றான்.

"நானா? இப்பத்தான் வரேன்," என்று குனிந்து அவளும் பாதத்தில் விரல் வைத்தாள். "நாடி கிடைச்ச இடத்துல பேனாவால ஒரு பெருக்கல் குறி போடுவோம். அடுத்து வர்றவங்க தேட வேண்டாம் பாருங்க. உங்களுக்குப் போடவே வழியில்லை. ஆபரேஷன் முடியட்டும், துள்ளும்." நீலப் பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு போய்விட்டாள்.

திரைக்கு அப்பாலிருந்து டிரைவரின் குரல் வந்தது.

"வந்துட்டுப் போனாளா?"

"யாரு?"

"பேனாக்காரி. நானும் நர்ஸுன்னுதான் காலை நீட்டினேன். பச்சை மையில குறி போட்டா. அன்னிக்கே கால் ஜில்லிட்டுப் போச்சு. அடுத்து இன்னொரு கால். எடுத்த வேலையைப் பாதியில விடமாட்டா, அதுல அவ ரொம்ப சுத்தம்."

"இதை டாக்டர்கிட்ட சொல்லலையா?"

"சொன்னேன். தூங்கறதுக்கு மாத்திரை கொடுத்தாங்க." டிரைவர் திரையை விலக்கினார். சிரிப்பில் ஈரமே இல்லை. "உன்கிட்ட ஒண்ணும் தேறல. அதான் வெறுங்கையோட போயிட்டா. கவலைப்படாதே தம்பி. உள்ள தைச்சு, ரத்தத்தை ஓடவிட்டு, அவளுக்கு வேண்டியதை அவங்களே ரெடி பண்ணிக் கொடுப்பாங்க. எனக்கு மட்டும்தான் இப்படி ஆகணுமா? நீயும் வாயேன்."

கட்டிலை மாற்றச் சொல்லிக் கேட்டான். "ஜன்னல் பக்கம் வேணுமா, கடல் தெரியணுமா?" என்றாள் வார்டு பொறுப்பாளர். அக்காவிடம் சொன்னான்.

"அந்தாளுக்குக் கால் போனதுல மூளையும் போயிடுச்சுடா. கரப்பான் பூச்சிக்கு பயந்து என் முதுகுல ஏறினவன்தானே நீ? ஒழுங்காப் போய்ப் படு. தலை வெடிச்சுச் செத்தேன்னா கொன்னுடுவேன்."

வேறு வழி இல்லை. ஆபரேஷன் நடந்தது.

இடது தோள்பட்டைக்குக் கீழே, விலா எலும்புகளுக்கு நடுவே பிளந்தார்கள். இத்தனை வருஷம் அடைப்பைச் சுற்றிக்கொண்டு ஓடிய ரத்தம் விலாவோரமெல்லாம் குழாய்களைப் புழுவாகப் பருக்க வைத்திருந்ததாம். ஒவ்வொன்றாகக் கட்டவே நேரம் போனதாம். மயக்கம் தெளிந்தபோது சர்ஜன் கால்மாட்டில் நின்று, "விரலை ஆட்டுங்க" என்றார். ஆட்டினான். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கைச் சிந்தினாள்.

பிறந்ததிலிருந்து முதல்முறையாக அவன் பாதங்கள் வெதுவெதுப்பாக இருந்தன. சந்தோஷப்பட முடியவில்லை. உள்ளே ஒவ்வொரு துடிப்பும் வாசல் கதவைத் தட்டுவது போல் கேட்டது. இங்கே இருக்கிறேன். இங்கே இருக்கிறேன்.

மறுபடியும் அதே வார்டு, அதே கட்டில். டிரைவர் கண்ணால் வரவேற்றார்.

நர்ஸ் இரண்டு பாதத்திலும் நீலக் குறி போட்டாள். அவள் போனதும் காலுறை மாட்டினான், போர்வையைக் காலடியில் சுருட்டிச் செருகினான். ஓய்வு நேரம் வந்தபோதெல்லாம் முழங்காலை மடக்கி நெஞ்சோடு சேர்த்தான். தையல் தீயாய் எரிந்தது. நீட்டவில்லை.

அப்படியே சில நாள் போனது. செருப்புச் சத்தம் வார்டுக்குள் வந்து, திரும்பி, வந்து, திரும்பிப் போனது.

அன்று நர்ஸ் அவனை நாற்காலியில் உட்கார வைத்தாள். இருமும்போது தையல் பிரியாமலிருக்க நெஞ்சோடு அணைத்துக்கொள்ளத் தலையணை ஒன்று கொடுத்தாள். அக்கா ராத்திரி வேலை முடிந்து, வீட்டுக்குப் போகாமல் காலையிலிருந்தே அங்கேதான் இருந்தாள். கைமுட்டியில் மாவு.

"கட்டில் சும்மாதானே கிடக்கு. கொஞ்சம் சாயறேன்டா. நர்ஸ் வந்தா எழுப்பு. திட்டுனா நீதான் வாங்கிக்கணும்." செருப்பை உதறிவிட்டு ஒருக்களித்துப் படுத்தாள். ஒரு காலை மடக்கிக்கொண்டாள். இன்னொன்று போர்வைக்கு வெளியே நீண்டிருந்தது. தலை சாய்ந்ததும் குறட்டை.

அக்கா, அங்கே படுக்காதே.

சொல்ல வாயைத் திறந்தான். மறைப்புகள் இறங்கின. வார்டு இருண்டது.

கீச்.

நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

கீச். கீச்.

அழுகிய பூத்தண்ணீர் வாடை திரைக்குள் நுழைந்தது. அவன் காலிரண்டையும் நாற்காலி மேல் தூக்கிக்கொண்டான். மூச்சைப் பிடித்தான். சத்தம் அவனைத் தாண்டிப் போனது. கட்டிலின் கால்மாட்டில் நின்றது.

எழுப்ப வேண்டும். கையை நீட்டினால் எட்டும். நீட்டினால் அது இந்தப் பக்கம் திரும்பும்.

அவன் நீட்டவில்லை.

டக்.

"கையை எடுடா," என்று முனகினாள் அக்கா, கண்ணைத் திறக்காமலே. "ஐஸ் மாதிரி இருக்கு."

அவனுடைய இரண்டு கைகளும் தலையணையை இறுக்கிக்கொண்டிருந்தன.

மறைப்புகள் ஏறியபோது அக்கா கொட்டாவி விட்டபடி எழுந்தாள். தரையில் கால் வைத்ததும் தடுமாறினாள். "சே, கால் மரத்துப் போச்சு. கட்டிலா இது, கல்லு." செருப்பைத் தேடினாள். அவள் பாதத்தின் மேட்டில் சின்னதாக ஒரு பெருக்கல் குறி. பச்சை மை இன்னும் காயவில்லை.

குனிய முடியாமல் குனிந்து அந்த இடத்தில் விரலை வைத்தான். அழுத்தினான்.

ஒன்றுமில்லை.

"எதுக்குடா கால்ல விழற? நல்லாத்தான் ஆயிட்ட போ," என்று அவன் தலையில் தட்டினாள். அவன் ஏதோ சொல்லத் தொடங்குவதற்குள், பஸ் போய்விடும் என்று கையை ஆட்டிவிட்டு, அந்தக் காலைச் சற்று இழுத்தபடி வார்டைக் கடந்து போனாள்.

"ஒண்ணுதான் ஆச்சு," என்றார் டிரைவர். முதல்முறையாக அவர் குரல் அன்பாக இருந்தது. "பேனாக்காரி இனி இங்க வரமாட்டா. நிம்மதியாத் தூங்கு தம்பி."

அவன் போனை எடுத்தான். அக்கா எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தான். எடுக்கவில்லை. பிறகு அவளிடமிருந்தே ஒரு குரல் செய்தி வந்தது. பஸ் இரைச்சலுக்கு நடுவே வழக்கமான அவசரப் பேச்சு.

"ஏன்டா சும்மா சும்மா அடிக்கற? பஸ்ல உட்கார்ந்துட்டேன். கால் இன்னும் சரியாகல. ஆனா என் அதிர்ஷ்டத்தைப் பாரு, பக்கத்து சீட்ல ஒரு நர்ஸம்மா. தங்கமான மனுஷி. கேக்காமலே பாக்கறேங்கறாங்க. அந்தக் காலைக் காட்டினா, அது வேணாம், இன்னொரு செருப்பைக் கழட்டுன்னு சொல்றாங்கடா..."

அக்கா சிரித்தாள். செய்தி அதோடு முடியவில்லை.

டக்.