விளக்குக்கு முந்திய விரல்

விளக்கு எரியுமுன்பே பொத்தான் அழுந்தியிருந்தது. கணினித் திரையில் எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி.

விளக்கைக் கண்டதும் மனிதர் எவ்வளவு சீக்கிரம் பொத்தானை அழுத்துகிறார் என்று அளப்பதுதான் அவனுடைய உளவியல் ஆய்வு. கருவி கேட்டபோது, "அதுக்கெல்லாம் நிதி இல்லப்பா, நீயே ஏதாவது பண்ணிக்கோ" என்று பேராசிரியர் கைகழுவிவிட்டார். படுக்கையறை ஜன்னலைக் கறுப்புத் துணியால் அடைத்து, பழைய பிளாஸ்டிக் டப்பாவுக்குள் சர்க்யூட் போர்டும் சிவப்பு விளக்கும் பொத்தானும் பொருத்தி, விடுமுறை நாளும் அதுவுமாக மனைவியை அதன்முன் உட்காரவைத்திருந்தான்.

"அவசரப்படாதே. எரிஞ்சப்புறம் அழுத்து."

"நான் இன்னும் அழுத்தவே இல்லைங்க."

டிக். இருட்டு. பிறகுதான் சிவப்பு.

"ஒரு பொத்தானை ஒழுங்கா அழுத்தத் தெரியல. உன்னை வச்சு நான் பட்டம் வாங்கின மாதிரிதான்!"

நாற்காலி கிரீச்சிட்டது. "கல்யாணமானதுலேர்ந்து எது கெட்டாலும் நான்தான் காரணம். போங்க, உங்க டப்பாவோடயே குடும்பம் நடத்துங்க."

கதவு அறைந்து சாத்தப்பட்டது. தூரத்தில் பாத்திரங்கள் உருண்டன. திரையின் வெளிச்சம் சிந்தாமலிருக்க அவன் நிறுத்தியிருந்த அட்டைக்கு அப்பால், சர்க்யூட்டில் பற்றவைத்த ஈயத்தின் புகை நெடியோடு, வெகுநாள் திறக்காத பெட்டியின் ஈரவாடையும் கலந்து வந்தது. யாரோ மூச்சு விடும் சத்தம். தன்னுடையதுதான் என்று நினைத்துத் தன் மூச்சை அடக்கிப் பார்த்தான். சத்தம் நிற்கவில்லை.

டிக்.

திரும்பி வந்துவிட்டாள் போலிருக்கிறது. கல்யாணமான பிறகு முதல் தடவையாக அவன் குரல் இறங்கியது.

"சரி, மன்னிச்சுக்கோ. தப்பு என்னோடதுதான்."

எதிரே மூச்சு லேசாகத் தடுமாறியது. பொத்தானைச் சரிபார்க்கக் கையை நீட்டினான். அதன்மேல் ஒரு விரல் இருந்தது. குளிர்ந்த விரல்.

சமையலறையிலிருந்து மனைவி கேட்டாள்: "உள்ளே யார்கிட்ட பேசுறீங்க?"

கையை இழுத்தான். வரவில்லை.

"இங்க வாயேன்... சீக்கிரம் வா!"

"இன்னும் என்ன குத்தம் கண்டுபிடிச்சீங்க?" குழாயை இன்னும் வேகமாகத் திறந்துவிட்டாள். தண்ணீரின் இரைச்சல். அவன் கத்தியது அதில் அமுங்கிப்போயிற்று.

சிவப்பு விளக்கு எரிந்தது.

நாற்காலி காலி. பொத்தானைச் சுற்றிலும் ஒன்றுமில்லை. அவன் மணிக்கட்டின் தோல் மட்டும், ஐந்து விரல் பதிந்த பள்ளமாக, உள்ளே, இன்னும் உள்ளே அழுந்திக்கொண்டே போயிற்று.