ஒருவர் துணையுடன்

மகள் அப்பாவை அழைத்துப்போக வந்தபோது மதியம் மூன்று மணி. நாலு மாதத்துக்கு முன்னால் எலும்பும் தோலுமாக, தூக்கிக்கொண்டு வந்து இந்த முதியோர் இல்லத்தில் விட்ட மனுஷர். இன்று நீண்ட வராந்தாவில் தன் காலால் நடந்து வந்தார், கன்னத்தில் சதை வேறு. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"எப்படித் தேறிட்டீங்கப்பா!"

"வேளாவேளைக்குச் சோறு, தினமும் நடை. வீட்டுல உன் பேச்சை நான் என்னைக்குக் கேட்டிருக்கேன்?" என்று சிரித்தார்.

வீட்டுக்கு அனுப்ப நர்ஸ் நீட்டிய தாளில்தான் சிக்கல். 'ஒருவர் துணையுடன் நடக்கிறார்' என்று எழுதியிருந்தது. அவர் தனியாக நடந்தால்தானே பகலில் வீட்டில் விட்டுவிட்டு அவள் வேலைக்குப் போக முடியும்?

"நல்லாப் பாருங்க சிஸ்டர். தனியாத்தானே வர்றாரு?"

நர்ஸ் குரலைத் தாழ்த்தினாள். "இடது கையைப் பாருங்க."

முழங்கைக்கு மேலே சட்டை கசங்கியிருந்தது. ஐந்து இடத்தில் அழுந்தியிருந்தது.

பக்கத்தில் யாரும் இல்லை.

தைல வாசனை மட்டும் வந்தது.

"நடை பழக்குற அக்கா ஒருத்தங்க இருந்தாங்க. கைப்பிடி அக்கான்னுதான் கூப்பிடுவோம். அவங்க பிடிச்சு யாரும் விழுந்ததே இல்ல. போய்ச் சேர்ந்து ரெண்டு வருஷமாச்சு." நர்ஸ் தாளை நீட்டியபடியே நின்றாள். "நான் பொய் எழுத மாட்டேம்மா."

மகள் தாளைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு, அப்பாவை வாசலுக்கு விரட்டினாள்.

கடைசிப் படியில் சட்டையின் அந்தக் கசங்கல் விரிந்தது.

அப்பாவுக்கு முழங்கால் மடிந்தது. அவள் பாய்ந்து தாங்கிக்கொண்டாள்.

"விட்டுட்டாங்களே..." என்று சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். நாலு மாதத்துக்கு முந்தைய அதே குரல்.

அவள் வாசலைத் திரும்பிப் பார்த்தாள். வெறும் வாசல், தைல வாசனை. நாளைக்குக் காலையில் இவரை யார் பிடிப்பார்கள்?

"நீங்களும் வாங்கக்கா."

அப்பாவைப் பின்சீட்டில் உட்கார்த்தி, தன் பெல்ட்டை மாட்டிக்கொண்டு காரைக் கிளப்பினாள்.

பெல்ட் போடச் சொல்லி கார் கத்த ஆரம்பித்தது.

பக்கத்து சீட் குழிந்திருந்தது.

அவள் திரும்பவில்லை. ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த பெல்ட்டை இழுத்துக் கொக்கியில மாட்டணும்," என்றார் அப்பா பின்னாலிருந்து, ரொம்ப மரியாதையாக. அவளிடம் சொல்லவில்லை.

டக்.

கார் கத்துவதை நிறுத்தியது.