அறுபத்தொன்றாம் பக்கம்

செரஸ் குறுங்கோளின் குடியிருப்பில் தேர்வுக்குப் பேனா கொண்டுபோகிறவர்கள் கிடையாது. காதுக்குப் பின்னால் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு போனால் போதும். கண்காணிப்பாளர் அந்த இடத்தை ஈரப்பஞ்சால் ஒருமுறை துடைத்து, அரிசியளவு உணர்மணி ஒன்றை ஒட்டிவிடுவார். மேசையில் நாடகப் புத்தகம் இருக்கும். இரண்டு மணி நேரம் வாசிக்கவேண்டும். கேள்வி எதுவும் வராது. வாசிக்கிறவரின் நாடித்துடிப்பு, மூச்சு, வியர்வை எல்லாம் பக்கம் பக்கமாகப் பதிவாகும். திருத்துபொறி அதைத் தன்னிடமுள்ள முன்மாதிரி வரைபடத்தோடு ஒப்பிட்டு மதிப்பெண் போடும். விடைத்தாளில் பொய் எழுதலாம், நாடித்துடிப்பில் எழுத முடியாது என்று கல்வித்துறை நம்பியது.

குயிலிக்கு இது மூன்றாவது முறை. மூன்றுக்கு மேல் அனுமதியில்லை. இலக்கிய வாசிப்பில் நூற்றுக்கு நாற்பது வாங்கினால் பள்ளிச் சான்றிதழ் கிடைக்கும். சான்றிதழ் இருந்தால்தான் விண்கப்பலோட்டிப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கலாம். இல்லாவிட்டால் இப்போது வேலை பார்க்கும் பனிச்சுரங்கத்திலேயே துளைப்பானைப் பிடித்துக்கொண்டு, முதுகு விட்டுப்போகிற வரை நிற்கவேண்டியதுதான். பதினாறு வயதில் படிப்பை விட்டவள். இப்போது இருபத்தாறு.

முதல் தடவை நேர்மையாக வாசித்தாள். நாடு கடத்தப்பட்ட சிற்றரசன் ஒருவனும் அவன் நாயும் வருகிற நாடகம். நாய் அரசனைத் திட்டும் இடத்தில் வாய்விட்டுச் சிரித்தாள். அரசன் பதில் பேசாமல் அதன் தலையைத் தடவிய இடத்தில் மூக்கைச் சிந்தினாள். புத்தகம் முடிந்தபோது வருத்தமாக இருந்தது. பதினொன்று போட்டார்கள்.

எங்கே தவறு என்று சொல்ல ஆளில்லை. அடுத்த தடவை எல்லாரையும் போல டியூஷன் போனாள். நாடகம் தேர்வறையில்தான் கையில் கிடைக்கும்; டியூஷனில் அதன் உணர்வுப் பட்டியலை மட்டும் கொடுப்பார்கள். பன்னிரண்டாம் பக்கத்தில் புன்னகை, நாற்பதில் கோபம் என்று வரிசையாக இருக்கும். அழவேண்டிய பக்கத்துக்குச் செத்துப்போனவர்கள் யாரையாவது தயாராக வைத்துக்கொள்ளவேண்டும். அப்படியும் ஒன்பதுதான் வந்தது. ஆனாலும் அங்கே படித்துத் தேறியவர்கள் இருந்தார்கள். அவர்களுடைய படங்கள் சுவர் நிறையத் தொங்கின.

மூன்றாவது தேர்வன்று காலையில் அவளை மாற்றவேண்டிய ஆள் வரவில்லை. இரண்டு ஷிப்ட் வேலையைச் சேர்த்துப் பார்த்துவிட்டு, சுரங்க உடுப்போடு வந்து உட்கார்ந்தாள். நாடகத்தில் ஒரு வாயிற்காவலன். வெளியே அவன் மகன் கதவைத் தட்டுகிறான். பின்னால் எதிரிப்படை. கதவைத் திறக்கக்கூடாது என்பது அரச கட்டளை. குயிலிக்கு எழுத்துகள் நீந்தின. இன்னும் எத்தனை பக்கம் என்று புரட்டிப் பார்த்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். மதியம் குழம்பு இருக்குமா, வெறும் கஞ்சிதானா என்று யோசித்தாள். அறுபத்தொன்றாம் பக்கத்தில் தாடை கழன்றுவிடுவதுபோல ஒரு கொட்டாவி வந்தது. அதன்பின் கைதான் பக்கத்தைத் திருப்பியது. கடைசிப் பக்கம் வந்ததும் 'அப்பாடா' என்று நெஞ்சு துள்ளிக் குதித்தது. அது மட்டும் நன்றாக நினைவிருந்தது.

பக்கத்து இருக்கையில் அவளுடைய அறைத்தோழி ஜெசிந்தா தேம்பித் தேம்பி அழுது முடித்திருந்தாள். ஜெசிந்தாவுக்கு இது முதல் தடவை; அதே டியூஷனில் படித்தவள். தூத்துக்குடிக்காரர்கள் வந்து குடியேறி மூன்று தலைமுறை ஆகியும் அங்கே பேச்சு மாறவில்லை.

"ஏட்டி, அறுபத்தொண்ணுல அழுதியா?"

"கண்ணுல தண்ணி வந்துச்சு. கொட்டாவியில."

"வெளங்குனாப்புலதான். இனி துளைப்பானையே கட்டிக்கிட்டு மாரடி."

மூன்றாம் நாள் முடிவு வந்தது. ஜெசிந்தா பன்னிரண்டு. குயிலி தொண்ணூற்று நான்கு.

குயிலி நான்கு முறை தன் பதிவு எண்ணைச் சரிபார்த்தாள். ஜெசிந்தா ஒரு முறைதான் பார்த்தாள். பிறகு குயிலியின் கையைப் பிடித்துத் தேர்வு அலுவலகத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். மறுமதிப்பீடு கேட்டால் முன்மாதிரி வரைபடத்தைக் காட்டியாகவேண்டும் என்று அந்த ஆண்டுதான் சட்டம் வந்திருந்தது. பொறிக்குத்தான் பிசகியிருக்கவேண்டும் என்று குயிலி நினைத்தாள். கண்டுபிடித்தால் தன் தொண்ணூற்று நான்கைப் பிடுங்கிக்கொள்வார்கள்.

"சார், நான் கதறியிருக்கேன். இவ உக்காந்து தூங்குனா. இவளுக்குத் தொண்ணூத்தி நாலாம்லா!"

"திருத்துறது பொறிம்மா. நான் அச்செடுத்துக் குடுக்குறவன்" என்றார் அலுவலர் கிருபாகரன்.

மூன்று தாள்களை மேசையில் பரப்பினார். ஜெசிந்தாவின் கோடு அலையடித்துக் கிடந்தது. முன்மாதிரியின் கோடு தட்டையாகக் கிடந்தது. அங்கங்கே சின்ன மேடு. அறுபத்தொன்றாம் பக்கத்தில் ஒரே இறக்கம். கடைசிப் பக்கத்தில் மட்டும் மலைபோல ஏற்றம். குயிலியின் தாளை அதன்மேல் வைத்தால் பெரும்பாலும் பொருந்தியது; கடைசி மலை மட்டும் அவளுடையது கொஞ்சம் குட்டை.

"யாரு சார் இந்தச் சவம்?" என்றாள் ஜெசிந்தா.

கிருபாகரன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அடிக்குறிப்பை வாசித்தார். "இந்நாடகத்தைப் பூமியில் பள்ளிப் பாடமாகப் படித்த நாற்பதாயிரம் மாணவர்களின் சராசரி."

"மாணவங்கள எதுக்கு சார் அளந்தாங்க? ஆசையா எடுத்து வாசிச்சவங்கள அளக்கவேண்டியதுதான?"

"அளக்கத்தான் தேடியிருக்காங்க. இந்தா, கீழயே போட்டிருக்கு. 'தாமாக வாசித்தவர்கள் ஏழு பேர். சராசரி எடுக்கப் போதாது.'"

ஜெசிந்தா குனிந்து அந்த வரியைத் தானே ஒருமுறை வாசித்தாள்.

"அப்ப இவ மார்க்கு?"

"சரியாத்தான் போட்டிருக்கு" என்று சொல்லி முத்திரை குத்தினார்.

வெளியே வந்தபோது குயிலிக்குக் கால் தரையில் பாவவில்லை. டியூஷன் நிலையத்துச் சுவரில் இருந்த படங்கள் அவளுக்கு இப்போது புரிந்தன. மூன்று மாதப் பயிற்சியில் அலுத்துப்போய்த் தேர்வறையில் சாய்ந்தவர்கள் அவர்கள். குயிலியும் ஜெசிந்தாவும் போவதற்கு முன்பே விஷயம் அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. 'கண்ணீர் வகுப்பு' என்ற பலகையைக் கழற்றிவிட்டுக் 'கொட்டாவி வகுப்பு, சேர்க்கை நடைபெறுகிறது' என்று மாட்டிக்கொண்டிருந்தார்கள். ஜெசிந்தா உள்ளே போய்ப் பெயர் கொடுத்துவிட்டு வந்தாள்.

"ஜெசி, கேக்கணும்னு இருந்தேன். அந்தக் காவக்காரன் கதவத் தொறந்தானா, இல்லியா?"

ஜெசிந்தா நின்று யோசித்தாள். "தெரியலட்டி. அந்தப் பக்கத்துல நான் செத்துப்போன எங்க பூனைய நெனச்சுக்கிட்டிருந்தேன். ஏன், ஒனக்கு அது தெரிஞ்சு என்ன ஆவப்போவுது? அதான் பாஸாயிட்டேல்லா."

உண்மைதான். இனி அந்தக் கதவைப் பற்றி அவளிடம் யாரும் கேட்கப்போவதில்லை. எந்தப் புத்தகத்தைப் பற்றியும் கேட்கப்போவதில்லை. அதை நினைத்ததும் குயிலியின் நெஞ்சு கடைசிப் பக்கத்தில் துள்ளியதைவிட உயரமாகத் துள்ளியது. காதுக்குப் பின்னால் உணர்மணி இருந்திருந்தால் மிச்சம் ஆறு மதிப்பெண்ணும் கிடைத்திருக்கும்.