வாசித்தவர்: ஒருவர்

வலைப்பதிவைப் பற்றி வெளியாட்கள் யாரிடமும் அவள் சொல்லியிருக்கவில்லை. அப்படியிருந்தும் திரையின் கீழ் மூலையில் ‘வாசித்தவர்: 1’ என்று இருந்தது.

எல்சிரா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தாள். ஒன்றுதான். வெளியே, கடலோரக் குடியிருப்பான காம்போவாவின் மரவீடுகள் மேல் ஜூலை மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. தகரக் கூரையில் அதன் இரைச்சல், அடுப்புக்குள் ஈர விறகு சீறும் சத்தம், வீட்டைத் தாங்கி நிற்கும் மரக்கால்களுக்கு நடுவே கடல் ஓதம் ஏறி வரும்போது கேட்கும் சளக் சளக், எல்லாம் எப்போதும் போலத்தான். பலகை இடுக்குகள் வழியே ஏறி வந்த சேற்று நாற்றம், அடுப்பில் வெந்துகொண்டிருந்த உருளைக்கிழங்கு ரொட்டியின் கொழுப்பு மணத்தோடு கலந்து அறை முழுக்க நின்றது.

புவெர்த்தோ மோன்ட் நகரத்தில் வேலை பார்க்கும் யாஸ்னாவுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டாள். யாஸ்னா அவள் கணவனின் அக்கா மகள்.

“அது நீங்களேதான் அத்தை,” என்று யாஸ்னா சிரித்தாள். “உங்க பிளாக்கை நீங்களே திறந்து திறந்து பாத்தா ஒண்ணுன்னு காட்டாம வேற என்ன காட்டும்? புதுசா ஆரம்பிக்கிறவங்க எல்லாரும் இப்படித்தான். ஊரே வந்து படிக்கும்னு உக்காந்திருப்பாங்க.”

“எனக்கு எதுக்குடி ஊரு?”

“அப்புறம் என்ன! சும்மா எழுதுங்க.”

போன நவம்பரில் அவள் கணவன் ரூபெர்த்தோ சிப்பி பறிக்கக் கடலுக்குள் இறங்கினான். காற்றுக் குழாய் மட்டும் மேலே வந்தது. பதினோரு நாள் தேடினார்கள். பிறகு சவப்பெட்டி இல்லாமலே தேவாலயத்தில் பூசை வைத்தார்கள். அன்றிலிருந்து எல்சிரா பேச்சைக் குறைத்துக்கொண்டாள். கடைக்காரியிடம் மாவு கேட்பதும், பூனையை விரட்டுவதும், அவ்வளவுதான் அவள் ஒரு நாளைக்குப் பேசியது. அதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் யாஸ்னா தன் பழைய மடிக்கணினியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள்.

“பேச ஆளில்லைன்னா எழுதுங்க அத்தை. மாமாவைப் பத்தி, தினம் ஒண்ணு. என்ன பேரு வைக்கலாம்?”

“ரூபெர்த்தோ.”

“அவ்ளோதானா?”

“அவ்ளோதான்.”

ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தேடித் தட்டி எழுதினாள். முதல் நாள், அவனுடைய பழுப்பு நிறக் கம்பளிச் சட்டை. இடது முழங்கையில் அவள் சிவப்பு நூலால் போட்ட ஒட்டு. அடுத்த நாள், வலது காலைச் சற்று இழுத்து இழுத்து அவன் நடக்கும் நடை. அப்புறம், படகிலிருந்து வீட்டுப் பின்படியில் ஏறும்போது அவன் அடிக்கும் சீட்டி. அதற்கும் அடுத்த நாள், தட்டை அவள் பக்கம் தள்ளிவிட்டு அவன் கேட்கும் கேள்வி. எழுதி முடித்து, பொத்தானை அழுத்தி, கையை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் அப்படியே இருப்பாள். நெஞ்சுக்குள் இருந்த கல் ஒரு விரற்கடை நகர்ந்ததுபோல இருக்கும்.

ஆறாம் நாள், ஓதம் வீட்டுக்கடியில் ஏறிய வேளையில், பதிவுக்குக் கீழே ஒரு பின்னூட்டம் வந்திருந்தது. பெயர் இல்லை.

‘இன்னும் கொஞ்சம் இருக்கா, கிழவி?’

சூடான கல்லைத் தொட்டதுபோல மடிக்கணினியை மூடினாள். மறுபடி திறந்தாள். அங்கேயேதான் இருந்தது.

“எவனோ வேலைவெட்டி இல்லாத பய விளையாடுறான்,” என்று தொலைபேசியில் யாஸ்னா கோபப்பட்டாள். “இருங்க, நான் இங்கேருந்தே உள்ள போய்ப் பாக்குறேன்.” தட்டச்சு சத்தம் கேட்டது. பிறகு அது நின்றது.

“அத்தை… நீங்க ஒண்ணைக்கூட வெளியிடலையே.”

“என்னடி சொல்றே?”

“எல்லாம் வரைவாவே கெடக்கு. ‘சேமி’யை மட்டும் அழுத்தியிருக்கீங்க. இதை உங்களைத் தவிர யாரும் படிக்கவே முடியாது.”

“அப்ப அந்தப் பின்னூட்டம்?”

“எனக்கு எதுவும் தெரியலையே அத்தை. இங்க பின்னூட்டமே இல்ல. சரி விடுங்க, வேணாம்னு பட்டா அழிச்சிடுங்க. ஒவ்வொரு பதிவுக்குப் பக்கத்துலயும் குப்பைக்கூடை படம் இருக்கும், அதை அழுத்தினா போதும். நீங்க… நல்லா தூங்குறீங்களா?”

எல்சிரா தொலைபேசியை வைத்தாள். பயந்திருக்க வேண்டும். ஆனால் வந்தது பயமில்லை. எட்டு மாதத்தில் முதன்முறையாகக் கண்ணாடி முன் நின்று தலைவாரிக்கொண்டாள்.

அதன்பின் ஒரு நாளைக்கு இரண்டு, மூன்று என்று எழுதினாள். ஓதம் ஏறும் நேரத்தில் பதில் வரும். ‘அந்த சட்டை கதகதப்பா இருக்கு.’ ‘கால் வலிக்குது.’ ‘இன்னும் எழுது.’ அவள் எழுதினாள். மூடிய வீட்டுக்குள் புகைத்த சிப்பியின் வாடையும் ஈரக் கம்பளியின் வாடையும் நாளுக்கு நாள் ஏறிவந்தன. பலகைகளுக்கு அடியில், அலைச் சத்தத்துக்கு நடுவே, ஏதோ ஒன்று மரக்கால்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து நகர்ந்தது.

ஒரு மதியம், இனியும் தள்ளிப்போட முடியாமல், கடைசி நாளைப் பற்றி எழுதினாள். படி வரைக்கும் கூடவே போனேன். மஃப்ளரைக் கட்டிவிட்டேன். கன்னத்தில் முத்தம் கொடுத்தேன். பத்திரமாகப் போய் வா என்றேன்.

அன்றைய பதில் நீளமாக இருந்தது.

‘நீ படி வரைக்கும் வந்தே. மஃப்ளரைக் கட்டிவிட்டே. முத்தம் குடுத்தே. பத்திரமா போய் வான்னு சொன்னே. அதை நெனச்சுக்கிட்டுத்தான் இங்க கெடக்கேன்.’

எல்சிரா வாய்விட்டு அழுதாள். மன்னித்துவிட்டான். எல்லாவற்றையும் மறந்து மன்னித்துவிட்டான். இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு இன்னொருமுறை படித்தாள். இன்னொருமுறை. அழுகை சட்டென்று நின்றது.

அப்படி எதுவுமே நடக்கவில்லை. காதுவலியோடு கடலில் இறங்காதே என்றாள் அவள். இறங்காவிட்டால் சோற்றுக்கு என்ன வழி என்றான் அவன். அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு, முதுகைக் காட்டியபடியே, “போ, போய்த் தொலை” என்றாள். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

ரூபெர்த்தோவுக்கு அது தெரியும். உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாவிட்டாலும் அவனுக்குத் தெரியும்.

ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள்.

அன்றைக்கு நான் நிஜமாக என்ன சொன்னேன்?

மழை. அடுப்பு. சளக் சளக்.

பதில் வந்தது.

‘அதை நீ எழுதலையே.’

காலுக்குக் கீழே, பலகைக்கு ஒரு கை ஆழத்தில், யாரோ சீட்டியடித்தார்கள். அவனுடைய சீட்டி. அவள் எழுதியிருந்த அதே மூன்று சுரம், அதே இடத்தில் ஒரு தடுமாற்றம்.

எல்சிரா பட்டியலைத் திறந்தாள். சீட்டியைப் பற்றிய பதிவு. குப்பைக்கூடை. ‘அழிக்கவா?’ என்று கேட்டது. அழுத்தினாள்.

சீட்டி பாதியில் அறுந்தது.

ஒரு கணம் எதுவுமில்லை. அப்புறம் கீழே வெறும் காற்று ஊதும் சத்தம். மறுபடி. மறுபடி. உதட்டைக் குவித்துக் குவித்து முயன்றும் சத்தம் வராத ஒரு வாயிலிருந்து வரும் காற்று. தன்னிடமிருந்து என்ன போயிற்று என்று புரியாமல், ஒரு குழந்தை தேடுவதுபோல.

அடுத்த குப்பைக்கூடைமேல் அவள் விரல் நின்றது. பழுப்புச் சட்டை. அதற்கடுத்தது, நடை. அவனை ஏற்கெனவே ஒருமுறை தொலைத்தாகிவிட்டது. இது அவன் இல்லை. தெரியும். ஆனால் அவனைப்போல இந்த உலகத்தில் இருப்பது இது ஒன்றுதான்.

விரலை எடுத்துக்கொண்டாள்.

பின்படியில் காலடி. ஒன்று ஊன்றி, ஒன்று இழுத்து. ஒன்று ஊன்றி, ஒன்று இழுத்து. மணி நாலுகூட ஆகவில்லை. சன்னலில் சாம்பல் வெளிச்சம் இன்னும் இருந்தது. கதவுக்கடியில் நீர் கசிந்தது.

எல்சிரா எழுந்துபோய்த் தாழ்ப்பாளை நீக்கினாள்.

அது உள்ளே வந்து அவனுடைய நாற்காலியில் உட்கார்ந்தது. பழுப்புச் சட்டை. முழங்கையில் சிவப்பு ஒட்டு. கழுத்தில் மஃப்ளர், அவள் கட்டாத முடிச்சு. பலகை முழுக்க நீர் பரவியது.

“அன்னிக்குப் போய்த் தொலைன்னு சொன்னேன்,” என்றாள் அதன் பின்னால் நின்று. “வேணும்னு சொல்லல. கோவத்துல வந்துருச்சு. என்னை மன்னிச்சிரு.”

அது அசையவில்லை. மஃப்ளருக்கு மேலே, தலையின் இரு பக்கமும் வழவழவென்றிருந்தன. கேட்பதற்கு அதற்குக் காது இல்லை.

சுற்றிக்கொண்டு எதிரே வந்தாள். பார்த்தாள்.

ஒரு வாய் இருந்தது. தட்டைத் தள்ளிவிட்டு இன்னும் கொஞ்சம் கேட்கிற வாய். அதற்கு மேல் ஒன்றுமில்லை. நீர் வடிந்த சேறுபோல, மழமழவென்று, வெறும் தோல்.

குளிர்ந்த கை அவள் மணிக்கட்டைப் பிடித்தது. முரட்டுத்தனம் இல்லை. அவள் விரல்களை அந்த வெறும் தோல்மேல், கண் இருக்கவேண்டிய இடத்தில் வைத்து அழுத்தியது. பிறகு அதே விரல்களை மடிக்கணினியின் எழுத்துகள்மேல் கொண்டுபோய் வைத்தது. காத்திருந்தது.

அவளுக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. வெயிலில் அந்தக் கண்கள் எந்த நிறம், சிரித்தால் ஓரத்தில் எத்தனை சுருக்கம் விழும், அன்றைக்குக் கதவுப் பக்கம் போகும்முன் அவள் முதுகை அவை எப்படிப் பார்த்திருக்கும், எல்லாம்.

‘அவனுடைய கண்கள்’ என்று தட்டினாள்.

எதிரே, ஈரத் தோலுக்கடியில், இரண்டு இடங்களில் ஏதோ நெளியத் தொடங்கியது.