வான்கதவு

தில்லையடி கால்பந்து மைதானத்தில் வர்ணனை ஒலிவாங்கி எப்போதும், ஊரே அண்ணன் முறையில் கூப்பிடும் மர்ஸூக் நானாவிடம்தான் இருக்கும். பந்து யாரிடம் இருக்கிறது என்பது அவருக்கு அவ்வளவு பெரிய விடயம் இல்லை.

பந்து கம்பத்துக்கு மேலே கடல் பக்கமாகப் பறந்தால் எங்கள் ஊரில் "மீனுக்குப் போச்சு" என்பார்கள். ஓட முடியாதவன் "உப்பு மூட்டை". இப்படிச் சொல் கட்டுவதில் பதினொரு வயது றிஸ்லாவை மிஞ்ச ஆளில்லை. கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்று கத்துவாள்.

அன்று எங்கள் அணியின் கோல் காப்பாளர் இன்ஷாப் மூன்று கோல் விட்டான். மூன்றாவது, கால்களுக்கு நடுவால் போனது. மழைக்காலத்தில் குளம் நிரம்பி மதகு திறக்கும்போது வானொலி சொல்லும் அதே குரலில் றிஸ்லா கத்தினாள்:

"குளத்தின் வான்கதவு திறக்கப்பட்டுள்ளது! தாழ்நில மக்கள் அவதானமாக இருக்கவும்!"

கத்தியது யார் என்று பார்க்காமலே மைதானம் சிரித்தது. மர்ஸூக் நானா அதை ஒலிவாங்கியில் பதினான்கு தடவை சொன்னார்.

மறுநாள் இன்ஷாப் வழக்கம்போல முச்சக்கர வண்டியில் பேக்கரிப் பாண் விற்க வந்தான். "வான்கதவு, ரெண்டு பாண் தாங்க!" என்று கூப்பிட்டார்கள். பாண் வாங்காதவர்களும் கூப்பிட்டார்கள். பாடசாலையில் அவன் தங்கை ஸும்றா "சின்னக் கதவு" ஆனாள்.

ஸும்றா றிஸ்லாவின் உயிர்த் தோழி.

"இந்தப் பேரைக் கட்டினது யாரெண்டு தெரிஞ்சா, சாகும் வரைக்கும் அவங்களோட கதைக்க மாட்டன்," என்றாள் ஸும்றா. "சனிக்கிழமையோட விளையாட்டை விடப்போறாராம் எங்கட இன்ஷாப் நானா."

றிஸ்லா பகல் சோற்றுக்கு வீட்டுக்குப் போகவில்லை. நேராக மர்ஸூக் நானாவின் ஒலிபெருக்கிக் கடைக்குப் போனாள்.

"நானா, அந்தப் பேரை விட்டுடுங்களேன். இன்ஷாப் நானா பாவம்."

"ரசிகர்கள்ட உணர்ச்சியை அடக்க ஏலாது புள்ள. அதோட, அது என்ட மூளையில உதிச்ச சொல்லு."

"ஒங்கட மூளையிலயா?"

"வேற யார்ட மூளையில?"

அவர் பொய் சொல்லவில்லை. உண்மையாகவே அப்படி நம்பியிருந்தார். அதுதான் கஷ்டம்.

வீடு திரும்பும்போது றிஸ்லா யோசித்தாள். இரக்கப்பட்டு இவர் அந்தச் சொல்லை விடமாட்டார். அது அவருடையது இல்லை என்று ஊருக்கே தெரிந்தால்? விட்டுவிடுவார். ஆனால் ஸும்றாவுக்கும் தெரிந்துவிடுமே!

சனிக்கிழமை இடைவேளையில், "நானா, ஒங்களைப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லணும்," என்று கேட்டாள். ஒலிவாங்கி உடனே கைக்கு வந்தது.

"வான்கதவு எண்ட சொல்லைக் கட்டினது நான்தான், றிஸ்லா. மர்ஸூக் நானா இல்ல. அவர் என்ட வாயிலிருந்து எடுத்தது. நான் செஞ்சது பிழை. இன்ஷாப் நானா, மன்னிச்சுக்கங்க."

பிறகு கூட்டத்தில் ஒருவர் கேட்டார்:

"அப்ப மர்ஸூக், சின்னப் புள்ளட சொல்லை வச்சா இவ்வளவு நாளும் நெஞ்சை நிமித்தினீங்க?"

சிரிப்பு அவர் பக்கம் திரும்பியது. அதன்பின் அந்தச் சொல் அவர் வாயில் வரவேயில்லை. ஒலிவாங்கி சொல்லாததைத் தெருவும் மெல்ல மெல்ல மறந்தது.

அன்றைய ஆட்டத்தில் எங்கள் அணி தோற்றது. றிஸ்லா கூனிக் குறுகி இன்ஷாப்பிடம் போனாள்.

"நீதானெண்டு எனக்கு அண்டைக்கே தெரியும்," என்றான் அவன்.

"எப்பிடி?"

"கோலுக்குள்ள நிக்கிறவனுக்கு, பின்னால நிக்கிற ஆள்ட குரல்தான் முதல்ல கேக்கும்."

அவன் சிரிக்கவில்லை. கையுறைகளைக் கழற்றி, மண்ணைத் தட்டி, பைக்குள் பத்திரமாக வைத்தான். "புதன்கிழமை பயிற்சி இரிக்கிதானே?" என்று அணித்தலைவரிடம் கேட்டான்.

ஸும்றா ஒன்பது நாள் கதைக்கவில்லை. பத்தாம் நாள் வகுப்பில் தன் கதிரையை இழுத்துப்போட்டு றிஸ்லாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மர்ஸூக் நானாவுக்கு ஒரு பேர் வை பாப்பம்."

றிஸ்லாவின் நாக்கு நுனியில் ஏழு பெயர்கள் வரிசையில் நின்றன. ஏழும் அருமையான பெயர்கள்.

"ஒண்டும் வருதில்லயே," என்றாள்.