பச்சை எரிகிற கதவு

"வாசல் வரைக்கும் வந்துட்டீங்க, கையில கஞ்சி இருக்கு, உள்ள வர்றதுக்கு என்ன கேடு லாத்தா?"

"கத்தாத புள்ள. விளக்கைப் பாரு. பச்சை எரியுது."

"எரிஞ்சா எரியட்டும்! நீங்க வீட்டை விட்டுக் கிளம்பும்போது மஞ்சள்தானே?"

"கிளம்பும்போது மஞ்சள். வந்து சேரும்போது பச்சை. அதுக்கு நான் என்ன செய்ய? பச்சை வீட்டுக்குள்ள கஞ்சியோட நுழைஞ்சா நாலு பேர் என்ன பேசுவாங்க?"

பதினான்காம் மாடியில் மொத்தம் எட்டு வீடுகள். சண்டை போட்ட இரண்டு வீட்டைத் தவிர மற்ற ஆறு கதவுகளும் சாத்தித்தான் இருந்தன. ஆனால் ஆறு கதவுக்குப் பின்னாலும் ஆள் நின்றது. பிலோமி ஒரு கையால் நிலையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் நைட்டிக்கு மேலே இடது அடிவயிற்றை அழுத்திக்கொண்டிருந்தாள். அவள் அக்கா முறையில் 'லாத்தா' என்று கூப்பிடுகிற எதிர்வீட்டு சுலைஹாவுக்கு வயது அறுபத்து மூன்று. நோன்பு இல்லாத மாதத்திலும் நோன்புக் கஞ்சி காய்ச்சுகிறவர். தூக்குவாளியை யாராவது பிடுங்கிவிடுவார்கள் என்பதுபோல மார்போடு அணைத்திருந்தார்.

கடைசியில் மாடிப் பொறுப்பாளர் வாகீசன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்தார்.

"சட்டப்படி பார்த்தா சுலைஹாம்மா செஞ்சது சரி."

"சட்டப்படி பார்த்தா எனக்கு வலிக்கவே கூடாதா சார்?"

வாகீசன் பதில் சொல்லுமுன் கைப்பலகையைப் பார்த்தார். அதைப் பார்க்காமல் அவர் தன் பெயரைக்கூடச் சொல்ல மாட்டார். "மூணு காயமும் ஆறிடுச்சு. காய்ச்சல் இல்ல. நடை சீரா இருக்கு. வாழ்த்துகள்ம்மா."

கஞ்சி திரும்பிப் போனது.

நாகப்பட்டினம் பக்கம் கடல் உள்ளே வந்து தெருத்தெருவாக எடுத்துக்கொண்ட பிறகு, பெரம்பலூர் மேட்டில் கட்டிய முப்பது மாடிக் குடியிருப்புகளில் ஒன்று அது. குடிவந்த புதிதில் கதவைச் சாத்தி வாழத் தெரியாத ஜனங்கள், சாத்தியவுடன் திறக்கத் தெரியாமல் போனார்கள். ஒரே வருடத்தில் பதினேழு பேர் வீட்டுக்குள்ளேயே செத்துப்போய், வாரக்கணக்கில் யாருக்கும் தெரியாமல் கிடந்தார்கள். அதன் பிறகு வந்ததுதான் துணைமுறைச் சட்டம்.

ஒவ்வொரு கதவுக்கு மேலும் ஒரு நலவிளக்கு. தரைக்கு அடியில் தரையுணரி, தலையணைக்குள் ஒன்று, கழிவறையில் ஒன்று. ஆள் ஆஸ்பத்திரியில் இருந்தால் சிவப்பு. வீடு திரும்பித் தேறிக்கொண்டிருந்தால் மஞ்சள். அக்கம்பக்கத்தார் முறைபோட்டு, சாப்பாட்டோடு வந்து, ஆளுக்கு ஒரு மணி நேரம் உட்கார வேண்டும். தேறிவிட்டால் பச்சை; தொந்தரவு செய்யக் கூடாது. இருபது வருடமாக அந்தக் குடியிருப்பில் யாரும் தனியாகச் சாகவில்லை. அதனால் சட்டத்தைக் குறைசொல்ல யாருக்கும் வாய் வராது.

சட்டம் சொன்னது அவ்வளவுதான். மிச்சத்தை ஜனங்கள் தாங்களாகவே சேர்த்துக்கொண்டார்கள். பச்சை எரிகிற வீட்டைத் தட்டினால், 'இவள் வியாதியை ஒளித்துவைத்து விளக்கை ஏமாற்றுகிறாள்' என்று ஊரறியச் சொல்வதாக அர்த்தம். விளக்கு மறைப்பு நிரூபணமானால் அந்த வீட்டுக்கு மூன்று வாரம் லிஃப்ட் கிடையாது. ஆகவே யாராவது தவறிப்போய்க் கதவைத் தட்டினால், உள்ளே இருப்பவர் தலையை நீட்டி முதலில் தன் விளக்கைத்தான் பார்ப்பார். வந்தவர் முகத்தைப் பார்ப்பது அதற்குப் பிறகு.

பிலோமிக்கு முப்பத்தாறு வயது. மொட்டை மாடியில் பாசித் தொட்டிகளைப் பராமரிக்கும் வேலை. கல்யாணம் ஆகவில்லை, ஆகாததற்குக் காரணம் பதினான்காம் மாடியில் வீட்டுக்கு ஒன்று இருந்தது. போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை தொட்டி கழுவிக்கொண்டிருந்தவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இடது சினைப்பையில் இருந்த கட்டி முறுக்கிக்கொண்டு, சினைப்பையே கறுத்துப்போயிருந்தது. எடுத்துவிட்டார்கள். நகத்தளவு மூன்று கீறல், அவற்றுக்குத் தையலுக்குப் பதில் உயிர்ப்பசை. மூன்றாம் நாள் வீடு. பிறகு பதினோரு நாள் மஞ்சள்.

அந்தப் பதினோரு நாளும் வீடு கல்யாண வீடு மாதிரி இருந்தது. முதலில் வந்தது மூன்றாம் வீட்டு ரெஜினா. ரெஜினா உட்கார்ந்தால் நாற்காலிக்கே வாய் முளைக்கும். பன்னிரண்டாம் மாடி மருமகள் எதற்காகத் தாய்வீடு போனாள் என்பதைத் தவணை முறையில் சொல்லிக்கொண்டே, பிலோமி வீட்டு முறுக்கை பிலோமிக்கே கொடுக்காமல் தின்று முடித்தார். வந்தவர்கள் அத்தனை பேரும், சொல்லிவைத்தாற்போல, ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள். "இன்னொண்ணு இருக்குல்ல? அது போதும் கண்ணு." கம்மலில் ஒன்றைத் தொலைத்தவளிடம்கூட யாரும் இப்படிச் சொல்ல மாட்டார்கள்.

பிலோமிக்கு ஒரே ஒரு கேள்வி இருந்தது. மயக்கம் தெளிந்த நிமிடத்திலிருந்து அது தொண்டையிலேயே நின்றது. எடுத்ததை எங்கே போட்டார்கள்? அவள் கண்ணால் பார்த்தே இராத ஒன்று, முப்பத்தாறு வருடம் கூடவே இருந்துவிட்டுப் போயிருக்கிறது. அதை யாரிடமாவது ஒருமுறை வாய்விட்டுக் கேட்டுவிட வேண்டும். பதில்கூட வேண்டாம், கேட்கிற காது போதும். ஆனால் வாயைத் திறந்தாலே, "பேசாத, காயம் பிரிஞ்சிடும்" என்றார்கள். ஐந்தாம் நாளிலிருந்து அவள் தூங்குவதுபோல் நடித்தாள். இந்தக் கூட்டம் எப்போது ஒழியும் என்று மாதாவை வேண்டிக்கொண்டாள். மாதா காது கொடுத்துவிட்டார். அதுதான் வினை.

பச்சை வந்த பிறகு வீட்டில் ஃபிரிட்ஜ் உறுமுவது மட்டும்தான் சத்தம். இருமல் வந்தால் தலையணையை வயிற்றோடு அழுத்திக்கொள்ள வேண்டும். சம்பந்தமே இல்லாமல் கழுத்திலிருந்து உச்சிக்கு ஒரு சூடு ஏறும். ஃபிரிட்ஜைத் திறந்துவைத்து அதன் முன் நிற்பாள். இடுப்பில் சாவிக்கொத்து செருகிப் பழகியவள் அது இல்லாத நாளில் தடவிப் பார்ப்பதுபோல, கை இடது பக்கமே போய்க்கொண்டிருந்தது. ஒரு நாள் பால் பொங்கியதற்கு அழுதாள். மறுநாள் பால் பொங்கவில்லை, அதற்கும் அழுதாள்.

மஞ்சளை நீட்டிக்கச் சொல்லி நலத்துறைக்கு மனு போட்டாள். தானியங்கி அந்த நிமிடமே பதில் அனுப்பியது. 'வலது சினைப்பை முழுப் பணியையும் ஏற்றுக்கொண்டது. தங்கள் உடல் ஈடுசெய்துகொண்டது. வாழ்த்துகள்.' கீழே ஒரு தாமரை மலர்ந்து மலர்ந்து மூடியது. பிலோமி குப்புறப் படுத்து அழுதாள். தலையணை அதை வியர்வை என்று எடுத்துக்கொண்டு மின்விசிறியின் வேகத்தைக் கூட்டியது.

பச்சை வந்த ஏழாம் நாள் அவள் குற்றம் செய்யத் துணிந்தாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த நேரம், வெந்நீர்ப் பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு படுத்தாள். பத்தே நிமிடத்தில் மஞ்சள். பன்னிரண்டாவது நிமிடத்தில் ரெஜினா, பிலோமி வீட்டு நாற்காலி முதுகுக்குச் சரிப்படவில்லை என்று தன் வீட்டு நாற்காலியையே தூக்கிக்கொண்டு வந்தார்.

"என்ன கண்ணு, திரும்பவும் காய்ச்சலா? நான் அன்னைக்கே நினைச்சேன். சரி, அந்தப் பன்னிரண்டாம் மாடிக்காரி கதையை எங்க விட்டேன்?"

"அக்கா, அது இருக்கட்டும். எனக்கு ஒண்ணு கேக்கணும். ஆஸ்பத்திரியில அதை எடுத்தாங்கல்ல, எடுத்து எங்க..."

அதற்குள் வெந்நீர் ஆறிவிட்டது. கதவு மேலே 'டொக்' என்றது. ரெஜினா எழுந்து நின்றார்.

"பச்சை வந்துடுச்சு. உடம்பைப் பார்த்துக்க."

"அக்கா, நான் இன்னும் சொல்லி முடிக்கல."

"அடுத்த தடவை மஞ்சள் எரியும்போது சொல்லு கண்ணு." நாற்காலியையும் தூக்கிக்கொண்டு போய்விட்டார். கெட்ட மனசு கிடையாது. மஞ்சள் எரிந்தால் நடுராத்திரியானாலும் முதல் ஆளாக வருகிறவர்தான்.

இரண்டு நாள் கழித்து, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரும் கண்ணயர்கிற நேரத்தில், பிலோமி நடைகூடத்தைக் கடந்துபோய் சுலைஹாவின் கதவைத் தட்டினாள். அந்தக் கதவுக்கு மேலே நான்கு வருடமாக அசையாத பச்சை.

தலை மட்டும் வெளியே வந்து விளக்கை அண்ணாந்து பார்த்தது. "பச்சையாத்தானே இருக்கு? எதுக்குத் தட்டுன? எனக்கு என்ன வந்துச்சு?"

"உங்களுக்கு ஒண்ணுமில்ல லாத்தா. எனக்குத்தான்."

"உன் விளக்கும் பச்சைதானே?"

"ஆமா."

சுலைஹா மற்றக் கதவுகளை ஒரு சுற்றுப் பார்த்தார். சட்டத்துக்கு அஞ்சுகிற பெண்மணி. ஆனால் அன்று திரும்பிப் போன கஞ்சியை அவர் குடிக்கவும் முடியாமல், யாருக்கும் கொடுக்கவும் முடியாமல், ராத்திரி வரை மேசைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சீக்கிரம் உள்ள வா."

உட்கார்ந்ததும் பிலோமி கேட்டுவிட்டாள். "அதை எங்க போட்டிருப்பாங்க லாத்தா?"

"எதை?"

"எடுத்தாங்களே. அதை."

'இன்னொண்ணு இருக்குல்ல' என்று வரப்போகிற பதிலுக்கு அவள் முகத்தைத் தயார் செய்துகொண்டாள். சுலைஹா ஆய்ந்துகொண்டிருந்த கொத்தமல்லியைக் கீழே வைத்தார்.

"உன் கண்ணுல காட்டலியா?"

"இல்ல."

"கேக்கவும் இல்லியா? அடப் பாவிகளா! என் கடைவாய்ப் பல்லைப் புடுங்குன டாக்டர்கூட அதைத் தாள்ல மடிச்சுக் கையில குடுத்தான். நான் வேணாம்னேன், 'உங்களோடதும்மா, வச்சுக்கங்க'ன்னான். பல்லுக்கே அவ்வளவு மரியாதை. எவ்வளவு பெருசு இருந்துச்சாம்?"

"சாதாரணமா பாதாம்பருப்பு அளவுதானாம். என்னோடது வீங்கி எலுமிச்சம்பழம் அளவுக்கு இருந்துச்சுன்னு சொன்னாங்க."

"எலுமிச்சம்பழத்தை வயித்துல வச்சுக்கிட்டா மொட்டை மாடில தொட்டி கழுவுன?"

பிலோமிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் வலித்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தவள் எந்த இடத்தில் அழுகைக்கு மாறினாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"அழு, நல்லா அழு. இங்க இருக்கிற எந்திரம் என் கணக்கைத்தான் பாக்கும், உன் கணக்கைப் பாக்காது. அழுது முடிச்சுட்டு ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கேளு. நீ கேக்காம வேற எவ கேப்பா?"

ஒன்றரை மணி நேரம் ஆனது. அறுவைக்குப் பிறகு, கடிகாரத்தைப் பார்க்காத ஒருவரோடு அவள் உட்கார்ந்திருந்தது அன்றுதான்.

வெளியே வந்தபோது ரெஜினா வீட்டுக் கதவு இரண்டு விரற்கடை திறந்திருந்தது. சாயங்காலத்துக்குள் சுலைஹாவுக்கு ஒரு சிறுநீரகம் போய்விட்டது. வெள்ளிக்கிழமைக்குள் இரண்டும். இல்லாவிட்டால் ஒருத்தி வேலை மெனக்கெட்டு ஒன்றரை மணி நேரம் ஏன் உட்காரப்போகிறாள்? வாகீசன் ஆள் வைத்து விளக்கைச் சோதித்தார். கோளாறு எதுவும் இல்லை என்று சான்று வந்தது. விளக்குக்கே பிடிபடவில்லை என்றால் வியாதி ரொம்பப் பெரியது என்று ரெஜினா முடிவுகட்டினார்.

பேச்சு ஓசூர் வரை போய்விட்டது. அங்கே இருந்த சுலைஹாவின் மகன், தாயின் விளக்கு பச்சை காட்டுகிறதா என்று கைபேசியில் தினமும் தவறாமல் பார்க்கிறவர்; பச்சையாகவே இருந்ததால் மூன்று வருடமாக வரவில்லை. இப்போது ஒரே நாளில் வந்து நின்றார்.

"உம்மா, உண்மையைச் சொல்லுங்க. என்ன உடம்புக்கு?"

"ஒண்ணுமில்லடா."

"ஒண்ணுமில்லன்னுதான் எல்லாரும் ஆரம்பிப்பாங்க." தாயை ஓசூருக்கு அழைத்துப்போகப் பெட்டியைக் கட்டிவிட்டார்.

கிளம்புகிற நாள் காலையில்தான், பிலோமி எழுதிக் கேட்டதற்கு ஆஸ்பத்திரியிலிருந்து பதில் வந்தது. அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு லிஃப்டை நோக்கி ஓடினாள். அறுவைக்குப் பிறகு அந்த வயிறு பார்த்த முதல் ஓட்டம் அது. சுலைஹா மூட்டையோடு லிஃப்ட் வாசலில் நின்றார். மகன் கதவு மூடாமல் கையை வைத்திருந்தார்.

"லாத்தா, பதில் வந்துடுச்சு. பத்தொன்பதாம் தேதி காலையில ஆறு பத்துக்கு எரிச்சிட்டாங்களாம்."

சுலைஹா மூட்டையைக் கீழே வைத்தார். தலையில் துணியைச் சரிசெய்தார். "இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிவூன்" என்றார், சாவுச் செய்தி கேட்டால் சொல்வதை, ஒரு எழுத்து விடாமல், நிதானமாக.

மகன் பதறிப்போனார். "யாரு உம்மா? மௌத்தானது யாரு?"

"உனக்குத் தெரியாதுடா. இந்தப் புள்ளையோட ஆளு."

பிலோமி மூட்டையை லிஃப்டுக்குள் நகர்த்திவைத்தாள். லிஃப்ட் கீழே போனது.

அதற்குப் பிறகு நடந்தது கொஞ்சம்தான். வாகீசன் தை மாதம் ஒன்பதாம் மாடி விதவை ஒருத்தியைக் கட்டிக்கொண்டார். அவளுக்கு மஞ்சள் எரிந்த பத்து நாளில் ஆள் குறைகிறது என்று முறைக்குப் போய் உட்கார்ந்தவர். பச்சை வந்த பிறகு எப்படிப் போய்ப் பார்ப்பது என்று வழி தெரியாமல் கல்யாணமே செய்துகொண்டார். சுலைஹா ஓசூரோடு சரி. மகனும் மருமகளும் வேலைக்குப் போன பிறகு நாள் முழுக்க என்ன செய்கிறார் என்று கேட்க இங்கே யாருக்கும் முறை வரவில்லை. அவர் வீட்டுக்குக் காரைக்கால் பக்கத்திலிருந்து ஒரு ஜோடி குடிவந்தது, அப்போது கல்யாணமாகி இருபதே நாள். வந்து எட்டு மாதமாகிறது. இரண்டு பேருக்கும் ஒரு தும்மல்கூட வந்ததில்லை. அவர்கள் பெயர் என்ன என்று பிலோமிக்கு இன்னும் தெரியாது.